குளத்துக்குள் ஓர் இன்ஜின் படகு

போன மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு ஓர் அஞ்சலட்டை வந்திருந்தது. ஆசிரியர் அதை எனக்கு அனுப்பி, "உங்க பக்கத்து ஆளுதான், நீங்களே பதில் எழுதிருங்க" என்றார். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: "கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு குளத்தில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறேன். தூத்துக்குடியில் பழைய ஃபைபர் படகு ஒன்று இன்ஜினோடு விலைக்கு வருகிறது. அதைக் குளத்தில் ஓட்டப் பதிவு வேண்டுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டுமா, மீன்வளத்துறைக்கா?"

குலைநோய்க்கு மருந்து கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். படகைப் பற்றிக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? மீன்வளத்துறையில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரிடம் சட்டத்தைக் கேட்டுக்கொண்டேன். பிறகு, குளத்தைப் பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாசமுத்திரம் போய், ஆற்றுப்பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன். அப்பளத்துக்குப் பேர்போன ஊர். உளுந்து மாவு வாசனை இல்லாத தெரு குறைவு. 1982-இல் களவு போய், ஆஸ்திரேலியாவரை பயணப்பட்டு, 2019-இல் திரும்பி வந்த நடராஜர் இந்த ஊர்க்காரர்தான். குலசேகரமுடையார் கோயிலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். காணாமல் போன பொருள் நம்முடையது என்று நிரூபிக்க ஒரு பழைய படமும் பதிவும் எவ்வளவு உதவும் என்பதற்கு அவரே சாட்சி. படகுக் கேள்வியோடு வந்த எனக்கு அது மனதில் பட்டது.

அட்டை எழுதியவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். "குளத்துக்குப் போறதுக்கு முன்னால மணிமுத்தாறு டேமப் பாத்துட்டுப் போவோம் சார். அங்க நின்னு பாத்தாத்தான் எனக்கு ஏன் இந்த ஆசை வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 1950-களில் கட்டிய அந்த 118 அடி அணையின் நீண்ட கரையில் நின்றால், மலையடிவாரம்வரை தண்ணீர். அதில் ஒரு படகு குறுக்கே கோடு போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அணைக்குக் கீழே அரசின் மீன்விதைப் பண்ணை இருக்கிறது. அணைக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கரையும் மதகும் நீர்வளத்துறையிடம், காடு வனத்துறையிடம், மீன் மீன்வளத்துறையிடம். ஒரே தண்ணீருக்கு மூன்று வீட்டுச் சாவி. இங்கே ஒரு படகை இறக்க வேண்டுமென்றால் மூன்று கதவையும் தட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "நம்ம குளத்துல அவ்வளவு இல்லைலா?" என்று சிரித்தார். அங்கேயும் மூன்று கதவு இருக்கிறது என்பது போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

திரும்பும் வழியில் கன்னடியன் கால்வாய் ஓரமாக வந்தோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மேலிருந்து மூன்றாவது கன்னடியன். கொடைமேலழகியான், நதியுண்ணி இரண்டும் இதற்கு மேலே. இந்தக் கால்வாய் சேரன்மகாதேவியைத் தாண்டி பிராஞ்சேரிக் குளம்வரை போய்ச் சுமார் 12,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. இதை வெட்டிய கதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் கையில் இருந்த பொன்னை வைத்துக் கால்வாய் வெட்ட நினைத்தாராம். எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. ஒரு பசு முன்னே நடக்கும், அது போன வழியில் கால்வாய் வெட்டு, அது நீர்விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் வெட்டு என்று அகத்தியர் சொன்னாராம். கதை எப்படியோ, பொறியாளர் கணக்கு அதில் இருக்கிறது. மாடு சரிவைப் பார்த்துத்தான் நடக்கும், தாழ்ந்த இடத்தில்தான் படுக்கும். மழை பொய்த்தால் சேரன்மகாதேவி மிளகுப் பிள்ளையாருக்கு மிளகு அரைத்துப் பூசி, அபிஷேகத் தண்ணீரைக் கால்வாயில் விடுகிற வழக்கமும் இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

பசு படுத்த அப்படி ஒரு குளத்தின் கரையில்தான் நின்றோம். வடமாவட்டத்தில் ஏரி என்பார்கள், எங்களுக்குக் குளம். நிறைந்தால் 60 ஏக்கர் தண்ணீர். கரையில் பனை, உள்ளே கருவேலம். ஓரத்தில் அமலைச் செடி பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. ஆகாயத்தாமரை என்று புத்தகத்தில் எழுதுவதைத்தான் இங்கே அமலை என்கிறோம். நடுவில் இரண்டு பேர் லாரி டியூப்பின் மேல் பலகை கட்டி உட்கார்ந்து செவுள் வலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலையில் கட்லாவும் ரோகுவும், இடையிடையே கெளுத்தி. நாமக்கோழிகள் அவர்களைக் கண்டுகொள்ளவேயில்லை.

"டியூப்புல உக்காந்து ஒரு வலைய எடுக்க அரை நாளு ஆவுது சார். இன்ஜின் இருந்தா நாலு நடை போட்டுரலாம்."

நான் கணக்குப் போட்டேன். 60 ஏக்கர் என்றால் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரை ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். பரிசலில் துடுப்புப் போட்டால் கால் மணி, அதிகம் போனால் இருபது நிமிடம். இன்ஜினில் மூன்று நிமிடம். மிச்சமாவது கால் மணி நேரம். அதில் அரை நாள் மிச்சமாகாது, ஏனென்றால் நேரம் போவது வலையிலிருந்து மீனைக் கழற்றுவதில்தான். அதற்கு இன்ஜின் கிடையாது. மேட்டூர் போன்ற பெரிய நீர்த்தேக்கத்திலேயே மீன் பிடிப்பவர்கள் பரிசலில் துடுப்புப் போட்டுத்தான் போகிறார்கள். 60 ஏக்கர் குளத்துக்கு இன்ஜின் என்பது தெருமுனைக் கடைக்கு லாரி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி.

அதோடு குளத்தின் தரை கடல் மாதிரி இல்லை. முன்பு சமூகக் காடு வளர்ப்பில் குளத்துக்குள் வைத்த கருவை மரங்களை வெட்டி எடுத்த பிறகு தூர் அப்படியே நிற்கிறது. தண்ணீர் ஐந்தடி நிற்கும்போது தூர் கண்ணுக்குத் தெரியாது. துடுப்புப் படகு அதில் இடித்தால் ஆடும். சுழலும் காற்றாடி இடித்தால் அதன் இலை உடையும், இல்லையென்றால் படகின் அடி கிழியும். அமலை சுற்றிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் ஊற்றுகிற எண்ணெயில் ஒரு பகுதி எரியாமல் தண்ணீருக்கே போகும். அந்தத் தண்ணீர்தான் கரைக்குக் கீழே உள்ள நாற்றங்காலுக்கும் மாட்டுக்கும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது மடைப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆயக்கட்டில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர், பிசானத்துக்கு அம்பை-16 போடுகிறவர். பேச்சு போகிற திசையைக் கேட்டதும் இளைஞரிடம் திரும்பினார்.

"ஏலே, படகு வாங்கப் போறியாமே? மொதல்ல போன மாசித் தண்ணிக் கணக்க முடிச்சுட்டு வாங்குல."

விஷயம் இதுதான். போன மாசியில் பிசான நெல் பால் பிடித்து நிற்கிறது, கடைசித் தண்ணீர் வேண்டும். குத்தகைக்காரருக்கோ மீன் இன்னும் இரண்டு மாதம் வளர வேண்டும். மடைப் பலகையை யார் எப்போது தூக்கினார்கள் என்று இரண்டு பக்கமும் பேச்சு வளர்ந்து, காவல் நிலையம்வரை போய்த் திரும்பியிருக்கிறது. பெரியவர் வீட்டுக்கும் இளைஞர் வீட்டுக்கும் அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இருவரும் ஒரே தெரு, சொந்தம்கூட. எனக்குத் தெரிந்து தாமிரபரணிப் பாசனத்தில் பாதிச் சண்டை இந்த வகைதான். மீனுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் ஓட வேண்டும்.

இதில் சட்டம் யார் பக்கம் என்று இளைஞர் கேட்டார். மீன்பாசி குத்தகை என்பது மீனுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. குளத்துத் தண்ணீர் ஆயக்கட்டுக்கு உரியது. மடையைத் திறப்பதைத் தடுக்கக் குத்தகைதாரருக்கு உரிமை கிடையாது. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். குத்தகை வழக்கமாகப் பசலி ஆண்டுக் கணக்கில் போகும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அவருடைய குத்தகை உத்தரவை வாங்கிப் படித்தேன். இரண்டு பக்கத் தாள். அதில் படகு என்ற சொல்லே இல்லை. குளத்துக்குள் எந்த இயந்திரத்தையும் இறக்க அனுமதி என்றும் இல்லை. ஆக, மணிமுத்தாறில் பார்த்த மூன்று கதவு இங்கேயும் இருக்கிறது: தண்ணீர் யாருடையது, மீன் யாருடையது, படகு யாருடையது. படகுப் பதிவுச் சான்று மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பதில். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் முதல் இரண்டு கதவும் திறக்காது.

இனி அந்த மூன்றாவது கேள்வி. வாசகர்களில் வேறு சிலருக்கும் இது வரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலில் மீன்பிடிக்கும் படகுக்குத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983 இருக்கிறது. மீன்வளத்துறை பதிவு செய்யும், எண் கொடுக்கும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். அதன் பிறகு இந்தப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் நாடு முழுவதும் இறுகின. உள்நாட்டு நீருக்கு 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நூறு வருஷமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 வந்தது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆறு, ஏரி, கால்வாய் எதுவானாலும் இயந்திரத்தால் ஓடுகிற கலம் என்றால் பதிவு வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதலில் கலத்தை ஆய்வு செய்து சான்று தருவார்கள், பிறகு பதிவு, அதோடு காப்பீடு. உயிர்காக்கும் சாதனங்கள் இருக்க வேண்டும். வணிகக் கப்பல் சட்டப்படி பதிவான மீன்படகுகளை இந்தச் சட்டம் தன் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, "மீன் பிடிக்கத்தானே வச்சிருக்கேன், எனக்குப் பதிவு எதுக்கு" என்று சிலர் வாதிடுவார்கள். குளத்தில் மட்டும் ஓடி, எங்கேயும் பதிவாகாத படகுக்கு அந்த வாதம் நிற்காது. துடுப்பில் ஓடும் பரிசலுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அவற்றைப் பதிவேட்டில் சேர்க்கும் வேலையை மாநில அரசு உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே அட்டைக்குப் பதில்: ஆர்.டி.ஓ. இல்லை, அங்கே வண்டிக்கு மட்டும்தான். மாவட்டத்தில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உள்நாட்டுக் கலங்களுக்கு மாநில அரசு நியமித்திருக்கும் பதிவு அலுவலரிடம் அவர்களே வழி காட்டுவார்கள். போகும்போது குத்தகை உத்தரவின் நகல், படகும் இன்ஜினும் வாங்கிய ரசீது, இன்ஜின் எண் தெரிகிற படம் கையில் இருக்கட்டும்.

"ரசீதுன்னு ஒண்ணும் இல்ல சார். தெரிஞ்சவர் மூலமா வருது. ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்திருக்கேன்."

இதுதான் எனக்குப் பயமாக இருந்த இடம். கடல் படகு ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வைத்துத்தான் அவருக்கு மானிய எண்ணெய் வருகிறது. படகை விற்றால் பெயர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பதிவை நீக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் படகு இங்கே வந்தால், தாள் அங்கே ஒருவர் பெயரில், படகு இங்கே ஒருவர் கையில். நாளை அதில் ஏதாவது நடந்தால் யாரைத் தேடி வருவார்கள்? பழைய டிராக்டரை ஆர்.சி. புத்தகம் இல்லாமல் வாங்கிச் சிக்கிய எத்தனையோ விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். படகும் அதே கதைதான்.

அப்போதுதான் அவர் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். "மீனுக்கு மட்டும் இல்ல சார். காணும் பொங்கலுக்கு, கொடைக்கு, ஞாயித்துக்கெழம பிள்ளைகள ஏத்தி ஒரு சுத்து. தலைக்கு இருவது ரூவா. குத்தகைக் காசுல பாதி அதுலயே வந்துரும்."

பெரியவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்த உறவினர்கள் ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. 2023 மே 7, கேரளத்தில் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகாக ஓட்டியிருந்தார்கள். அங்கேயும் 22 பேர். மீன்படகு வலைக்கும் நாலு ஆளுக்கும் கணக்குப் பண்ணிக் கட்டியது. வலையும் மீனும் அடியில் கிடக்கும், பாரம் கீழே நிற்கும். ஆட்கள் ஏறினால் பாரம் மேலே போய்விடும். போட்டோ எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்தால் போதும்.

என் அனுபவம் ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மாவட்டத்து அணையில் நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு மோட்டார் படகில் போனோம். பயிற்சிக்கு வந்தவர்கள், எல்லோருக்கும் இளவயது. நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றது. காற்று அடித்து, படகு பக்கவாட்டில் திரும்பி, அலை விளிம்பில் ஏறியது. ஓட்டியவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். உயிர்காப்பு மேலாடை ஒன்றுகூட இல்லை. எங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் நாலு பேர். நான் அதில் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மீன்பிடிக்கிற ஒருவர் பரிசலில் வந்து கயிறு போட்டு இழுத்தார். அந்தப் பரிசல்காரர் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்காமல் இன்றைக்கும் எந்த அணைக்கரையிலும் என்னால் நிற்க முடிவதில்லை. மணிமுத்தாறு கரையில் அன்று காலையிலும் அப்படித்தான் நின்றேன்.

இதைக் கேட்டபின் இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியவர்தான் பேசினார். "2023 வெள்ளத்துல படகுதான தம்பி காப்பாத்திச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதுவும் உண்மை. அந்த டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருவில் ஓட்டி மாடியில் நின்றவர்களை இறக்கினார்கள். கடற்கரையில் எந்த ஊரில் எத்தனை படகு, யாருடையது என்று பதிவேட்டில் இருக்கிறது. குளத்துக்கரை ஊர்களில் எந்தப் பரிசல் யார் வீட்டில் கிடக்கிறது என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? பரிசலுக்குக்கூட ஊராட்சியில் ஒரு வரி எழுதி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அபராதத்துக்குப் பயந்து எழுத வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது கிராம நிர்வாக அலுவலர் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் பேசினோம். டியூப்பை விட்டுவிட்டு இரண்டு ஃபைபர் பரிசல், ஆளுக்கு ஓர் உயிர்காப்பு மேலாடை, கூடுதலாக இரண்டு செவுள் வலை. வலை அதிகமானால்தான் மீன் அதிகம், வேகம் அதிகமானால் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்திருந்தால் பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு உண்டு. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய். டியூப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. விவசாயக் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்புக்கும் உண்டு. குஞ்சு, தீவனச் செலவுக்கு வட்டிக்கு வாங்காமல் அதைக் கேட்கலாம்.

மடை விஷயத்தைப் பெரியவர் விடுவதாக இல்லை. கடைசியில், தை மாதமே இரண்டு பேரும் உட்கார்ந்து எந்த வாரம் கடைசித் தண்ணீர், அதற்கு முன் எத்தனை பிடிப்பு என்று எழுதிக்கொள்வதாகப் பேச்சு நின்றது. எழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் எழுந்து போகும்போது இளைஞர் அவருடைய மண்வெட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மடைவரை கூடவே நடந்தார்.

ஊர் திரும்பி நாலு நாள் கழித்து போன் வந்தது. "சார், படகு வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டாயிரத்தத் திருப்பித் தரமாட்டாங்களாம்."

"போகட்டும். படகோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க."

"சரி சார். ஒண்ணு கேக்கணும். பரிசல்ல பிள்ளைகள ஏத்தலாமா?"

"ஏத்தக்கூடாது."

"என் பிள்ளைகளத்தான் சார்."

மேலாடை எத்தனை வாங்கினார் என்று கேட்டேன். இரண்டு என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.